மகள் அடிக்கும் பந்தின் தூரம்

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆட்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகத் தங்கள் எண்ணைச் சொல்கிறார்கள். காலையில் கதவைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, பந்து வாளிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வால்டர் வந்துவிடுவார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தன் தடுப்புக்குள் போய் நின்று முதல் பந்தை அடித்ததும் அங்கிருந்தே திரும்பி, கூடாரம் முழுவதற்கும் கேட்கும்படி, "எண்பத்தொன்று, அருள்" என்பார். அவருடைய கோல்ஃப் மட்டை மணிக்கு எண்பத்தொரு மைல் வேகத்தில் சுழன்றிருக்கிறது என்று பொருள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். பக்கத்துத் தடுப்பில் இருப்பவர் தன் எண்ணைச் சொல்வார், வால்டர் அவருக்கு வாழ்த்துச் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது இப்படிச் சத்தமாகச் சொன்னால் என் கண் சொன்னவர் மேல் போகாது. வேறு யார் யார் காதில் அது விழுந்தது என்றுதான் சுற்றிப் பார்ப்பேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில். வருடத்தில் பாதி நாள் தரை பனிக்கு அடியில் கிடக்கும். கோல்ஃப் ஆடுகிறவர்களால் அத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் நாலைந்து கல்யாண மண்டபங்களைச் சேர்த்த அளவுக்குப் பெரிய துணிக் கூடாரத்தில் காற்றை அடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். டோம் என்று பெயர். உள்ளே பச்சை விரிப்பு, வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் தரையில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி, தலைக்கு மேல் ஒரு திரை. பந்தை அடித்த மறுநொடி மட்டையின் வேகம், பந்தின் வேகம், அது எழும்பிய கோணம், திறந்த வெளியாக இருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதெல்லாம் சிவப்பு எண்களில் வந்து நிற்கும். பந்து போவதென்னவோ எதிரே தொங்கும் வலை வரைக்கும்தான், மீதி தூரம் முழுக்கக் கருவியின் கணக்கு. பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டுவதும், கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று பார்ப்பதும் என் வேலை. கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது சிரமமான வேலை இல்லை. அந்தத் திரைதான் பழக நாளாயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய பலம் எவ்வளவு என்பது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. என் அண்ணன் சேவியர் பசுவந்தனையில் மானாவாரி விவசாயம் செய்கிறார். மக்காச்சோளம் போடுவார், உளுந்து போடுவார், மழைக்குத் தைரியம் வந்த வருடம் பருத்தியும் போடுவார். அறுவடை முடிந்து டீக்கடைக்குப் போனால் வெள்ளாமை எப்படி என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். நேரான பதில் வராது என்று கேட்கிறவருக்கே தெரியும். நன்றாக விளைந்திருந்தால் அண்ணன் டீயை ஊதிக்கொண்டே, "என்னத்தச் சொல்ல, ஏதோ கண்டுச்சு" என்பார். சுமாராக இருந்தால், சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பார். மழை ஏமாற்றி நிஜமாகவே எல்லாம் போன வருடத்தில்தான் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று வாய் திறந்து எண்ணைச் சொல்வார். நல்ல எண்ணை யாரும் வெளியே விடுவதில்லை. கேட்கிறவர்கள் அந்த "ஏதோ"வை வைத்தே களத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று சரியாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கண்ணேறு, திருஷ்டி எல்லாம் நம்பக்கூடாது என்று போதகர் பிரசங்கத்தில் அழுத்திச் சொல்வார். ஆராதனை முடிந்து வெளியே வருகிற அதே போதகரிடம் மகன் எவ்வளவு மார்க் வாங்கினான் என்று கேட்டால், "கர்த்தர் கிருபையால பாஸ் ஆயிட்டான்" என்பார். அவன் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருப்பான். இதில் பொய் எதுவும் இருப்பதாக எங்களில் யாரும் நினைத்தது கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கள் பெட்டிகளோடு விமானம் ஏறி வந்தது எங்களுக்கே தெரியாது. இங்கே முதல் கோடையில் வீட்டின் பின்பக்கம் உருளைக்கிழங்கு போட்டோம். இந்த மண்ணும் கருப்புதான். ஆனால் நம் கரிசலைப்போல ஈரத்தில் காலைப் பிடித்து இழுக்காது, வெயிலில் வாய் பிளக்காது. அள்ளினால் மாவாக உதிரும். கிழங்கு வஞ்சகம் இல்லாமல் விளைந்தது. சமையலறை மூலையில் சாக்குகள் நிறைந்து, மீதியைக் குளியல் தொட்டியில் கொட்டி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு டேவ் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து விளைச்சல் எப்படி என்று கேட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. மறுநாள் சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் தங்கள் தோட்டத்து உருளைக்கிழங்கை ஒரு பெரிய பை நிறையத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் அப்படித்தான், மனசு விட்டுவிட வேண்டாம் என்று தேற்றினார்கள். என் மனைவி ஸ்டெல்லா குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பையை வாங்கிக்கொண்டாள். அன்றிரவு சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. பாடம் எதையும் நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்கு கோல்ஃப் தெரியாது. ஹாக்கி தெரியும். ஹாக்கிக்குப் பேர்போன ஊர் கோவில்பட்டி, அந்த ஊர்க்காரனுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் தடுப்பாட்டக்காரனாக நின்று, ஓங்கி அடித்தே பேர் வாங்கியவன் நான். டோமில் சேர்ந்த கொஞ்ச நாளில், ஆள் வராத ஒரு மதியத்தில், கையில் கிடைத்த மட்டையை எடுத்து அடித்துப் பார்த்தேன். திரையில் வேகம் நூறைத் தொட்டது. அங்கே சொல்லிக்கொடுக்கிற இளைஞர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வேகத்தைப் பார்த்து விசிலடித்தவர், அடுத்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். என் தூரம் வால்டருடைய தூரத்தைவிடக் குறைவு. பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவே இல்லை. சரளைக் கல்லும் மண்ணுமான மைதானத்தில் பந்தைத் தரையோடு தரையாக அனுப்பப் பழகிய கை. மட்டையை உயரத் தூக்கினால் நடுவர் ஊதிவிடுவார் என்ற பயம் தோளிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். தூரத்துக்கு முதல் தேவை வேகம்தான். மட்டையின் தலை ஒரு மைல் கூடுதல் வேகத்தில் சுழன்றால் பந்து ஏறக்குறைய இரண்டரை கஜம் கூடுதலாகப் போகும் என்பது இங்கே கோல்ஃப் ஆடுகிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த வேகம் பந்துக்குள் போய்ச் சேர வேண்டும். மட்டை முகத்தின் நடுவில் பட்டால் பந்து மட்டையைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் அதில் ஒரு பங்கு வீணாகிவிடும். பிறகு கோணம். தாழப் போனால் சீக்கிரம் தரை தட்டும், மிதமிஞ்சி ஏறினால் பாதி வழியிலேயே சோர்ந்து விழும். பந்து பின்பக்கமாகச் சுழல்வதும் அளவாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்றில் தூரம் குறையும், சூடான காற்றில் கூடும். ஈரத் தரையில் விழுந்தால் நிற்கும், காய்ந்த தரையில் உருண்டு ஓடும். ஒருவருக்கு இருக்கிற பலம் ஒன்று, அது போய்ச் சேரும் தூரம் வேறொன்று என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கற்றுக்கொள்கிற வயசு போய்விட்டது என்று சொல்லி மட்டையை வைத்துவிட்டேன்.

கற்றுக்கொண்டது என் மகள் ஜெனி. நாலு வயதில் இங்கே வந்தவள். பள்ளி விட்டதும் என்னோடு வீடு திரும்புவதற்காக டோமில் காத்திருப்பாள், காத்திருந்த நேரத்தில் அடிக்கத் தொடங்கினாள். கோடையில் நகராட்சி மைதானத்தில் ஆடினாள், பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடினாள். உடம்பு ஒல்லிதான். ஆனால் இடுப்பு முதலில் திரும்பி, தோள் அதன் பின்னால் வந்து, கை கடைசியில் வந்து சேர்வதை அவளிடம் பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது. பந்தைத் தொடுகிற இடத்தில் மட்டும் மட்டை கண்ணுக்குத் தெரியாது. பதினேழு வயதில் அவள் வேகம் தொண்ணூற்றாறு மைலுக்கு வந்துவிட்டது. டோமுக்கு வருகிற பெண்பிள்ளைகள் வேறு யாருக்கும் அந்த எண் இல்லை. நான் வண்டியில் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்து அவள் திரையைப் பார்ப்பேன், பெருமையாக இருக்கும். உடனே ஏதோ வேலை இருப்பதுபோல அவள் தடுப்புக்குப் போய், பொத்தானை அமுக்கித் திரையில் இருக்கும் எண்ணை அழித்துவிடுவேன். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் அவரவர் மகளின் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

போன பிப்ரவரியில் லிண்டா வந்தார். பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் பெண்கள் கோல்ஃப் அணிக்குப் பயிற்சியாளர். அணியில் ஓர் இடம் காலியாகிறது. அதற்கு ஜெனியையும் இன்னொரு பெண்ணையும் அவர் பார்த்துவைத்திருந்தார். அந்த இடம் கிடைத்தால் ஜெனி தான் ஆசைப்பட்ட கல்லூரியில் ஆடிக்கொண்டே படிக்கலாம். இரண்டு வருடமாக அவளுக்கு வேறு நினைப்பே இல்லை, எங்கள் வீட்டில் வேறு பேச்சும் இல்லை. அன்று அவள் நன்றாகவே அடித்தாள். லிண்டா எல்லாவற்றையும் கருவியில் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு பெற்றோர்களிடம் பேச வந்தார். அந்த இன்னொரு பெண்ணின் அப்பா, மகளுடைய வேகம், தூரம், எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

பிறகு லிண்டா என்னிடம் வந்து, ஜெனி எவ்வளவு தூரம் அடிக்கிறாள் என்று கேட்டார். எண் அவருக்கே தெரியும். பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்டார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கொஞ்ச தூரம் போகும், பரவாயில்லை, இன்னும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவள் ஆடுவதில் உங்களுக்கு விருப்பம்தானே?" என்று கேட்டார். "அது அவள் விருப்பம்" என்றேன். மகளின் வழியில் குறுக்கே நிற்காத தகப்பன் நான் என்று பெருமையோடு சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் தலையை ஆட்டிவிட்டு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லி, போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து லிண்டா ஜெனியைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். நாலு வருடம் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டியிருக்கும், வீட்டார் பின்னால் நிற்காத பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் யோசிக்கிறேன் என்றாராம். ஜெனியின் ஆட்டத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் முழுவதும் என்மேல்தான்.

அன்று சாயங்காலம் காரில் திரும்பும்போது ஜெனி இதைச் சொன்னாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. எங்கள் வீட்டில் பேசும் கோவில்பட்டித் தமிழில்தான் கேட்டாள்.

"நீங்க ஏன்ப்பா ஒவ்வொரு தடவையும் வந்து என் நம்பர அழிக்கீங்க?"

"கண்ணு பட்ரக்கூடாதுன்னுதான் தாயி."

"நான் அப்படி நெனைக்கல. ஒங்களுக்கு என்னையப் பாத்தா வெக்கமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சிவப்பு விளக்கு விழுந்தது, காரை நிறுத்தினேன். ஒரு பிள்ளை எத்தனை காலம் இப்படி ஓர் எண்ணத்தைச் சுமந்துகொண்டு, அதே இடத்தில் நின்று, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் தூரத்தில் வண்டியில் உட்கார்ந்து பூரித்துப்போனது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வந்து அழித்துவிட்டுப் போனதுதான் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தோளில் தட்டி, பச்சை விளக்கு எரிந்து நேரமாயிற்று, பின்னால் வண்டிகள் நிற்கின்றன என்றாள்.

ஸ்டெல்லா இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அவளுக்குப் புதியம்புத்தூர். பிறந்த வீட்டில் ரெடிமேட் தையல் கூடம் வைத்திருந்தார்கள். இங்கே ஒரு வணிக வளாகத்தில் துணி அளவு திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்ல சட்ட தைக்கும்போது உள்ள ரெண்டு விரலுக்குத் துணிய மடிச்சு விட்டுத்தான் தைப்போம். வாங்குதவிய வேணும்னா பிரிச்சுக்கிடுவாவ. இங்கன உள்ள எவ்வளவு மடிச்சு வச்சாலும் பிரிச்சுப் பாக்க ஆளு கெடையாது. வெளிய தெரியுதது மட்டுந்தான் அளவு." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். எங்கள் இருவரையும் பார்த்து ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை லிண்டா இன்னொரு வேலையாக டோமுக்கு வந்திருந்தார். நான் பந்து வண்டியில் சுற்றிக்கொண்டே, சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் முணுமுணுத்துப் பார்த்தேன். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். என் மகளின் வேகம் தொண்ணூற்றாறு மைல், இருநூற்று முப்பத்தைந்து கஜம் அடிக்கிறாள், இந்த இடத்தில் அவள் வயதில் அப்படி அடிக்கிறவர்கள் யாரும் இல்லை என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல எண்ணை வெளி ஆளிடம் முழுதாகச் சொல்கிறேன். யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டேன். எங்கள் ஊரில் பிள்ளையின் பெருமையைத் தகப்பன் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அதற்குக் கெடுதல் வரும் என்று பயப்படுவோம், அதனால்தான் அன்று அப்படிப் பேசினேன் என்றும் சொன்னேன்.

லிண்டா கவனமாகக் கேட்டார். முழுவதும் விளங்கியதா என்று தெரியவில்லை. "அப்படியானால் பிள்ளைக்கு அதை யார் சொல்வார்கள்?" என்று கேட்டார். பிறகு, போட்டிகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று கேட்டார். வண்டி ஓட்டுவதுதானே என் தொழில் என்று பந்து வண்டியைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். ஏப்ரலில் ஜெனிக்கு அந்த இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜெனி அடித்த எண்ணைத் திரையில் அப்படியே விட்டுவைத்தேன். வால்டர் வந்தால் அவர் தன் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் என் மகளின் எண்ணைச் சொன்னேன். டேவிடம் வேலி வழியாகச் சொன்னேன். சபையில் காப்பி குடிக்கிற இடத்தில் சொன்னேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பின்னால் இருந்து இழுப்பாள். சொல்லச் சொல்ல ஒரு சுகம் இருந்தது. இத்தனை காலம் இதை அனுபவிக்காமல் விட்டோமே என்றுகூட நினைத்தேன். நான் சொல்லும்போதெல்லாம் ஜெனி தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

ஜூலையில் கல்லூரிக்குப் போவதற்கு முன்பு அவளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். ஆடி மாதம். தூத்துக்குடியில் இறங்கி ஓட்டப்பிடாரம் வழியாக வரும்போதே காற்று காரைத் தள்ளியது. காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெனி ஒரே ஒரு மட்டையும் சில பந்துகளும் கொண்டுவந்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், அண்ணனுடைய நிலத்துக்குப் போனோம். சில காணிகளை உழுது போட்டிருந்தார்கள், இது இன்னும் உழாமல் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வெடிப்பு விட்ட கரிசல், கடைசியில் வேலிக்கருவை, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வெறும் நிலம். அண்ணன், மதினி, பக்கத்து நிலத்துச் செல்லையா அண்ணாச்சி, டீக்கடையில் இருந்து எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட இரண்டு மூன்று பேர், எல்லோரும் வரப்பில் நின்றார்கள்.

பந்தை வைக்கிற சின்ன மரக்குச்சி தரையில் இறங்கவில்லை. ஜெனி ஒரு வெடிப்பின் ஓரத்தில் அதைச் செருகி, பந்தை வைத்தாள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றாள். இடுப்பு திரும்பியது, தோள் வந்தது, சத்தம் கேட்டது. பந்து ஏறிக்கொண்டே போயிற்று. காற்று அதை ஏந்திக்கொண்டது. வேலிக்கருவைக்கு மேலாகப் போய், அந்தப் பக்கத்து நிலத்துக்கு மேலும் போய், புள்ளியாகி, எங்கேயோ இறங்கிற்று. டோமில் வலை தடுத்துவிடும், கனடா மைதானங்களில் மரங்கள் மறைத்துவிடும். அவள் அடிக்கிற தூரம் முழுவதையும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு வெட்டவெளி எனக்கு அன்றுதான் வாய்த்தது.

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த செல்லையா அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "எம்புட்டு தூரம் போவும் தம்பி?"

நான் சொன்னேன். வேகம் தொண்ணூற்றாறு மைல் என்று சொன்னேன். சாதாரணமாகவே இருநூற்று முப்பத்தைந்து கஜம் போகும், இந்தக் காற்றுக்கும் சூட்டுக்கும் முந்நூறுகூடப் போயிருக்கும், அங்கே அவள் வயதில் இப்படி அடிக்கிற பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று, கையை நீட்டி, பலமாக, ஒன்று பாக்கி விடாமல் சொன்னேன்.

அண்ணன் குனிந்து காலடியில் கிடந்த மண்கட்டியைப் பார்த்தார். மதினி சட்டென்று ஜெனியின் பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர்கள் வேலிப் பக்கம் பார்த்தார்கள். செல்லையா அண்ணாச்சி, "நல்லா இருக்கட்டும்" என்று தன் துண்டுக்குள் சொல்லிக்கொண்டார். இது என்ன என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் வாயை விட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர்களின் சங்கடம் அது. அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு உண்டாக்கியது நான்.

ஜெனி மட்டையில் ஒட்டிய மண்ணை விரலால் தள்ளிக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அப்பா கூட்டிச் சொல்லுதாவ பெரியப்பா. நான் ஏதோ அடிக்கேன். காத்துல்லா கொண்டுட்டுப் போச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆமாம் ஆமாம், இந்தக் காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது என்று ஒருவர் சிரித்தார். போன வாரம் கொட்டகைத் தகரத்தைக் கொண்டுபோனதை இன்னொருவர் சொன்னார். அண்ணன் முகம் தெளிந்து, ஜெனியை ஒரு பார்வை பார்த்தார். நல்ல வெள்ளாமை வந்த வருடம் களத்தைப் பார்க்கிற பார்வை. அவள் எவ்வளவு தூரம் அடிப்பாள் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. செல்லையா அண்ணாச்சி அண்ணனிடம், "ஒந்தம்பி வெளிநாட்டுக்காரன் ஆயிட்டாம்ல, அவன் பேச்ச விடு" என்றார். கேலிதான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதே நேரத்தில் என் மகளைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஜெனி மட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, பந்தைத் தேட அவர்களோடு ஓடினாள். காய்ந்த தரையில் பந்து உருண்டு ஓடும் என்று சொன்ன அந்த இளைஞருக்கு இந்த மண் தெரியாது, இதில் உருளுகிற எதையும் வெடிப்பு வாங்கிக்கொள்ளும். வேலிக்கருவையில் ஆள் போகிற இடைவெளி வழியாக நுழைந்து எல்லோரும் அந்தப் பக்கத்து நிலத்தில் பரவிவிட்டார்கள். வெடிப்பு வெடிப்பாகக் குனிந்து பார்த்தார்கள். இங்கன இல்ல, அங்கன பாரு என்று காற்றுக்கு மேலாக ஒருவருக்கொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் எது ஜெனியின் குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. நானும் போய்த் தேடுவதா, அவர்கள் திரும்பி வரட்டும் என்று இருப்பதா என்று தெரியாமல், மட்டையை ஊன்றிக்கொண்டு, அவள் அடித்த இடத்திலேயே நின்றேன்.